ரிப்பேரு வேற, ஓவராயில் வேற

‘நல்லாக்குவது’ என்ற பொருள் தரும் இங்கிலீஷ் வார்த்தைகள் கோயமுத்தூர்ச் சீமைக்குள் இரண்டு வழியாக வந்தன. ஒன்று கச்சேரி வழி. சட்டமாகவும் கடன் மனுவாகவும் அரசாணையாகவும் தாலுகா ஆபீஸ் தபாலில் வந்தவை: இம்ப்ரூவ்மெண்ட், பெட்டர்மெண்ட், டெவலப்மெண்ட், அப்கிரடேஷன், மாடர்னைசேஷன். இன்னொன்று பட்டறை வழி. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே ஸ்பின்னிங் மில் தொடங்கிய காலம் முதல் இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை: ரிப்பேர், சர்வீஸ், ஓவராயில், ரீவைண்டிங், ரீகண்டிஷன்.

நான் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன். முதல் வகை வார்த்தைகளை எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். இரண்டாம் வகை வார்த்தைகள் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டன. அவர் கடையில் ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை, ஒரு ரேட்டு. எங்கள் ஃபைல்களில் அப்படி இல்லை. ஏன் இல்லை என்று பார்க்கப் போனால் நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஆதாயத்தில் பிறந்த வார்த்தை

இம்ப்ரூவ்மெண்ட் முதலில் டவுனுக்குத்தான் வந்தது. மதராஸ் மாகாணத்தின் டவுன் இம்ப்ரூவ்மெண்ட் சட்டம் 1865-ல் வந்தது. மறு வருஷமே கோயமுத்தூர் முனிசிபாலிட்டி ஆனது. ரோடு, தெருவிளக்கு, சாக்கடை, அதற்கெல்லாம் வரி. அதோடு அந்தக் கதை முடிந்தது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் அந்த வார்த்தை வந்த விதம்தான் சுவாரசியமானது.

1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம். மானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் கருகின. கிணறு இருந்தவன் ஓரளவு தாக்குப்பிடித்தான். பஞ்சம் முடிந்ததும் சர்க்கார் யோசித்து 1883-ல் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயர் லேண்ட் இம்ப்ரூவ்மெண்ட் லோன்ஸ் ஆக்ட். கிணறு வெட்ட, வரப்பு கட்ட, தண்ணீர் வடிய வைக்க விவசாயிக்குச் சர்க்காரே கடன் கொடுக்கும். ஊரில் அதைத் தக்காவி என்றார்கள்.

அந்தச் சட்டத்தில் இம்ப்ரூவ்மெண்ட் என்றால் என்ன என்பதற்கு விளக்கம் உண்டு. மண் வளமாவது, மகசூல் கூடுவது, குடும்பம் செழிப்பது என்றெல்லாம் அதில் இல்லை. ஒரு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அந்த மதிப்பைக் கூட்டும் எந்த வேலையும் இம்ப்ரூவ்மெண்ட். அவ்வளவுதான். அதற்குக் கீழே கிணறு, குளம், வெள்ளத் தடுப்பு, தரிசு திருத்துவது, வேலி அடைப்பது என்று பட்டியல். ஏற்கெனவே செய்த வேலையைப் புதுப்பித்தாலும் விரிவாக்கினாலும் அதுவும் சேரும்.

குத்தகையை அளவுகோலாக வைத்ததில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தை பிறந்ததே ஆதாயத்தில்தான். லாபம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, இங்கிலீஷில் முதலில் நிலத்தை லாபத்துக்குத் திருப்புவது என்றுதான் வழங்கியது. முன்பைவிட நன்றாக ஆவது என்ற பொதுப்பொருள் பிற்பாடு ஏறியது.

அடுத்த வருஷமே, 1884-ல், இன்னொரு கடன் சட்டம் வந்தது. விதை வாங்க, மாடு வாங்க, கஷ்டகாலத்தைக் கடக்க என்று அதற்கு வேறு பட்டியல். ஆக, கிணறு வெட்டினால் அது இம்ப்ரூவ்மெண்ட். அதே கிணற்றில் இறைக்க ஒரு சோடி எருது வாங்கினால் அது இம்ப்ரூவ்மெண்ட் ஆகாது. எருது செத்துப்போகும், கிணறு நிற்கும் என்பது கணக்கு. எங்கள் அப்பாருக்கு இது புரிந்ததே இல்லை. “எருதில்லாத கெணறு வெறுங்குழிதானப்பா” என்பார்.

சட்டத்தில் ஒரு நியாயமும் இருந்தது. கம்பெனிக் காலத்தில் கிணற்றுத் தோட்டத்துக்குப் புன்செயைவிடக் கூடுதலாகத் தீர்வை வாங்கினார்கள். கிணறு வெட்டுவதே தண்டனை மாதிரி. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான், குடியானவன் தன் செலவில் செய்ததற்கு வரி ஏற்றுவதில்லை என்ற கொள்கைக்கு வந்தார்கள். 1883 சட்டமும் கடன் வாங்கிச் செய்த வேலையால் நிலத்தின் மதிப்பு கூடினால் அதைக் காட்டித் தீர்வையைக் கூட்டக் கூடாது என்று பொதுவில் காப்பு கொடுத்தது. உன் உழைப்பில் வந்த நன்மை உனக்கு. இம்ப்ரூவ்மெண்ட் என்ற வார்த்தைக்குள் இந்த வாக்கு இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுபது வருஷம் கழித்து இன்னொரு வார்த்தை வந்து இதைத் திருப்பிப் போட்டது.

கவலை இறைத்த கிணறு

கொங்கில் கிணறு என்றால் பாறையை உடைத்து இறக்கிய சதுரக் குழி. மேட்டில் கப்பி, அதிலிருந்து சரிவாக இறங்கும் தடம். இரும்புச் சாலின் அடியில் தோல் வால். வடக்கயிற்றை நுகத்தில் பூட்டி, இறைப்பவர் கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்ள, எருதுகள் சரிவில் இறங்கும். சால் மேலே வந்ததும் தோலை மடக்கிப் பிடித்திருக்கும் வால்கயிறு தளர்ந்து, தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னோக்கி நடந்தே மேடேற வேண்டும். விடியலுக்கு முன்னால் தொடங்கினால் வெயில் ஏறுகிற வரை இதேதான். ஒரு சோடி எருதும் ஓர் ஆளும் சேர்ந்து ஒரு காலையில் பாய்ச்சுவது கொஞ்ச நிலம்.

அந்தத் தோலைத் தைத்தவர்கள் மாதாரிகள். சாலுக்கு வால் கட்டுவது, கிழிந்தால் ஒக்கிடுவது, கயிற்றுக்கும் கலப்பைக்கும் வாரறுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலி காசாக வராது. களத்தில் தானியம் தூற்றும்போது ஒரு பங்கு. அந்தப் பங்கோடு தீண்டாமையும் சேர்ந்தே வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றிய தோலைத் தைத்த கை, அதே கிணற்றில் குடிக்கத் தண்ணீர் மொள்ள முடியாது.

பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது. 1937-ல் கோயமுத்தூரிலேயே ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். முதலில் ஆயில் என்ஜின், பிறகு மோட்டார் என்று சுதந்திரத்துக்குப் பிறகு கிணறுகளில் கவலை ஒவ்வொன்றாக நின்றது. ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர். குத்தகை மதிப்பு கூடியது, சந்தேகமே இல்லை. ஆனால் களத்துப் பங்குக்கு வந்த மாதாரிக்கு, “இனி தோல் வேலை இல்லப்பா” என்ற பதில் காத்திருந்தது. பிழைப்பும் போனது, அடிமைக் கட்டும் தளர்ந்தது. அவர்களில் பலர் பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் போனது இதன் பிறகுதான். ஒரே மோட்டார் ஒரு வீட்டுக்கு இம்ப்ரூவ்மெண்ட். அடுத்த தெருவில் அதை எந்த வார்த்தையால் சொல்வது? சட்டப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அது நிலத்தை அளக்கும், ஆளை அளக்காது.

மோட்டார் பில்லையும் கொண்டுவந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு 3 விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூர் நகரத்தையே மறித்தார்கள். 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. அதற்குள் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் கிணற்றை ஆழப்படுத்தினால் 1883 விளக்கப்படி அது இம்ப்ரூவ்மெண்ட். என் மதிப்பு கூடும், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும், அவன் மதிப்பு குறையும். இந்த இரண்டாவது வரியைக் கழிக்கும் கலம் எந்தக் கடன் மனுவிலும் நான் பார்த்ததில்லை. இப்போது போர்வெல் 1,000 அடியைத் தாண்டிப் போவது எங்கள் பக்கம் அதிசயமில்லை.

கரும்புக்குப் பிரபுப் பட்டம்

நிலத்தை விட்டு வித்துக்கு வருவோம். கோயமுத்தூரில் 1912-ல் இரண்டு நிலையங்கள் தொடங்கின: நெல் ஆராய்ச்சி நிலையமும் கரும்பு இனப்பெருக்க நிலையமும். இங்கே கரும்பு நன்றாகப் பூக்கும். ஒட்டுக் கட்ட அது வசதி. சி.ஏ.பார்பரும் அவருக்குப் பின் நிலையத்தை நடத்திய டி.எஸ்.வெங்கட்ராமனும் ஒரு தடித்த இனிப்புக் கரும்பையும் ஆற்றோரம் மண்டிக் கிடக்கும் பேய்க்கரும்பையும் சேர்த்தார்கள். 1918-ல் அதிலிருந்து கோ 205 வெளிவந்து பஞ்சாப் வயல்களுக்குப் போனது. வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கியது. இன்றைக்கும் இந்தியக் கரும்பு ரகங்களின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் ‘கோ’, கோயமுத்தூரின் கோ.

அந்தத் துறையில் இந்த வேலைக்கு நோபிலைசேஷன் என்று பெயர். ஜாவாவில் ஆராய்ச்சி செய்த டச்சுக்காரர்கள் வைத்தது. இனிப்புக் கரும்பு ‘நோபிள்’, அதாவது பிரபு வம்சம். காட்டுக் கரும்பைத் திரும்பத் திரும்ப அதோடு கலந்து பிரபுவாக்குவது நோபிலைசேஷன். வேடிக்கை என்னவென்றால், நோயிலும் குளிரிலும் சாகாத வலு காட்டுக்காரனிடமிருந்து வந்தது. பட்டம் பிரபுவின் பேரில். உயர்த்துவது என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தைகள் பலவற்றில் இந்தப் பார்வை உண்டு. அப்லிஃப்ட் என்றால் மேலே ஒருவர் நின்று கை கொடுக்கிறார். கீழே இருப்பவர் தன் பங்குக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று அர்த்தம். கோ 205 அதற்கு உயிருள்ள மறுப்பு.

நெல்லில் இம்ப்ரூவ்டு என்ற அடைமொழிக்கு அடக்கமான பொருள். மலேசியாவின் மசூரி தமிழ்நாட்டில் பொன்னி ஆனது. அதில் வெள்ளைப் பொன்னியைக் கோயமுத்தூரில் கதிர் கதிராகப் பொறுக்கி, கலப்பு நீக்கி, 1986-ல் விட்டது ‘இம்ப்ரூவ்டு ஒயிட் பொன்னி’. அரிசி மண்டிக்காரர்கள் ஐ.டபிள்யூ.பி. என்பார்கள். இங்கே புதிதாக எதையும் ஒட்டவில்லை. இருந்ததில் சுத்தமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்லது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, வேண்டாததை எடு என்பது ஒரு வகை. இதில் இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவா என்பது இன்னொரு வகை. ஒரே ஊரில், ஒரே வருஷம் தொடங்கிய இரண்டு நிலையங்கள் இரண்டையும் செய்தன.

மாட்டில் வந்தது மூன்றாவது வகை: கிரேடிங் அப். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி விந்து, அதன் கிடாரிக்கும் ஜெர்சி விந்து என்று தலைமுறைக்குத் தலைமுறை ஏற்றுவது. கொங்கில் இது காங்கயம் மாட்டின் மேல் நடந்தது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாகக் கொறங்காடு வைத்து, பழையகோட்டைப் பட்டக்காரர்கள் போன்றோர் பொறுக்கி வளர்த்த இனம். பால் கொஞ்சம்தான், உழைப்பு ஏராளம். கலப்பில் பால் வந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிய காசில் பிள்ளைகள் படித்தார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கலப்புக் காளைக்குத் திமில் இல்லை. நுகம் எதன் மேல் நிற்கும்? கிடாரிக் கன்று பிறந்தால் அப்கிரேடு, காளைக் கன்று பிறந்தால் விற்க வேண்டிய சரக்கு. டிராக்டர் வந்துவிட்டதால் அந்தக் குறையை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் பக்கத்து மாட்டு யாவாரிகளுக்கு இதற்கெல்லாம் முந்திய வார்த்தை ஒன்று உண்டு: தேத்துவது. கண்ணபுரம் சந்தையிலோ அந்தியூர் சந்தையிலோ இளைத்த எருதை மலிவாகப் பிடித்து, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, தேத்தி, நல்ல விலைக்கு விற்பார்கள். மாடு அதே மாடுதான். அதை வேறு மாடாக்கியதாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

உன்னால் வந்தது, என்னால் வந்தது

1948-ல் வேலை தொடங்கிய கீழ்பவானித் திட்டம் 1950-களின் நடுவில் முடிந்தது. சுமார் 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். அந்தச் சமயத்தில், 1955-ல், மதராஸ் அரசு பெட்டர்மெண்ட் கான்ட்ரிப்யூஷன் சட்டம் கொண்டுவந்தது. அரசு செலவில் வாய்க்கால் வந்ததால் உன் நிலத்தின் மதிப்பு ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைக் கட்டு.

அகராதியில் இம்ப்ரூவ்மெண்டும் பெட்டர்மெண்டும் அக்கா தங்கை. சட்டத்தில் எதிரும் புதிரும். நிலத்துக்காரன் தன் முயற்சியால் உண்டாக்கியது இம்ப்ரூவ்மெண்ட், அதற்கு வரி ஏற்றாதே என்பது 1883-ன் வாக்கு. அடுத்தவர் முயற்சியால் அவனுக்குத் தானாகக் கிடைத்தது பெட்டர்மெண்ட், அதற்குப் பணம் கட்டு என்பது 1955-ன் கணக்கு. இரண்டும் நியாயம்தான். ஆனால் வாய்க்கால் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவர மேட்டை வெட்டிச் சமன் செய்தவன், ஏற்றத்தில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு சர்க்காருடையது என்று எப்படிப் பிரிப்பான்? பஞ்சாபில் 1959-ல் பெட்டர்மெண்ட் லெவியை எதிர்த்துப் பெரிய விவசாயப் போராட்டமே நடந்தது.

இதற்கிடையில் 1952 அக்டோபர் 2-ல் கம்யூனிட்டி டெவலப்மெண்ட் வந்துவிட்டது. பிளாக், பி.டி.ஓ., கிராம சேவக். என் பிழைப்பின் பிறப்பிடம் அது. இம்ப்ரூவ் என்றால் யாரோ எதையோ செய்ய வேண்டும். டெவலப்மெண்ட்டுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். பொறுப்பாளி இல்லாத வார்த்தை ஆபீசுக்கு ரொம்பச் சௌகரியம்.

அது செய்த ஜாலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1887-ல் வெளிவந்த கோயமுத்தூர் ஜில்லா மானுவலைத் தொகுத்த எஃப்.ஏ.நிக்கல்சன், பத்து வருஷத்துக்குள் விவசாயிகளுக்கான நில வங்கிகள் பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். நம் கூட்டுறவு இயக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. பிறகு வந்த நீண்டகாலக் கடன் வங்கிகளுக்கு முதலில் நில அடமான வங்கி என்று பெயர். பின்னால் அதே வங்கி நில அபிவிருத்தி வங்கி ஆனது. அப்புறம் வேளாண்மை ஊரக வளர்ச்சி வங்கி ஆனது. வாங்கும் பத்திரம் அதேதான், நிலத்தை ஈடு வைக்கும் பத்திரம். முதல் பெயர், கட்டாவிட்டால் எதை இழப்பாய் என்பதை வாசலிலேயே சொன்னது. அடுத்தடுத்த பெயர்கள் அதைச் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில் வார்த்தைகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு விதிப்படி, இருப்பதை இருந்தபடி வைத்திருப்பது ரிப்பேர். இல்லாததைச் சேர்ப்பது புதுவேலை. இரண்டுக்கும் நிதித் தலைப்பு வேறு. ஒரு பள்ளிக்கூடத்து ஓடு உடைந்திருக்கும். ரிப்பேர் தலைப்பில் பணம் தீர்ந்திருக்கும். இம்ப்ரூவ்மெண்ட் தலைப்பில் மிச்சம் இருக்கும். அப்போது ஓடு மாற்றுவதோடு ஒரு திண்ணையும் சேர்த்து எஸ்டிமேட் போட்டால் அது இம்ப்ரூவ்மெண்ட் டு ஸ்கூல் பில்டிங். ஓட்டை ஒழுகியது நின்றால் சரி என்று செய்தோம். பிள்ளைகள் நனையவில்லை. ஆனால் வேலையைப் பார்த்து வார்த்தை வைப்பது போய், பணம் இருக்கிற வார்த்தையைப் பார்த்து வேலை வைப்பது பழக்கமாகிவிட்டது. அப்கிரடேஷன் இன்னும் லேசு. நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்தால் முதலில் மாறுவது போர்டு. வாத்தியாரும் வகுப்பறையும் அவரவர் நேரத்துக்கு வருவார்கள்.

ஒரு வார்த்தை, ஒரு ரேட்டு

தங்கச்சி வீட்டுக்காரரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை கடையில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. போரிலிருந்து தூக்கிய சப்மர்சிபிள் மோட்டார் ஒன்று வாசலில் வந்து இறங்குகிறது. பையன்கள் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வடிக்கிறார்கள். நல்ல மோட்டாராக இருந்தால் தண்ணீர் தெளிவாக வரும். கறுத்து, தீய்ந்த வாடையோடு வந்தால் காயில் போய்விட்டது. மாப்பிள்ளை விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டில் எழுதுவார்.

சர்வீஸ் என்றால் கழற்றி, கழுவி, தண்ணீர் மாற்றி, மூடிக் கொடுப்பது. ரிப்பேர் என்றால் போன ஒன்றை மட்டும் மாற்றுவது: ஒரு புஷ், ஒரு கேபிள் ஜாயிண்ட். ஓவராயில் என்றால் முழுவதும் பிரித்துத் தேய்ந்தது எல்லாவற்றையும் மாற்றுவது. ரீவைண்டிங் என்றால் எரிந்த காயிலை உருவி, பி.வி.சி. உறை போட்ட வயரை ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாகக் கோத்துக் கட்டுவது. நீருக்குள் ஓடும் மோட்டாருக்கு வார்னிஷ் வேலை இல்லை, உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் எல்லாம் வீண். ரீகண்டிஷன் என்றால் கைமாறப் போகும் பழைய மோட்டாரைத் தேற்றுவது. அதற்கு கேரண்டி குறைவு என்று வாங்குபவருக்கே தெரியும். ஆல்ட்ரேஷன் என்றால் அதன் தன்மையையே மாற்றுவது. அதற்கு மாப்பிள்ளை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். ரிப்பேருக்கு வந்ததை ஓவராயில் என்று எழுதிக் காசு வாங்கினால் அந்தக் கடைக்கு அடுத்த வருஷம் ஆள் வராது.

ஒருநாள் சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார்.

“தம்பி, இத எப்படியாச்சு கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணிக் குடுங்க. தண்ணி பத்த மாட்டேங்குது.”

மாப்பிள்ளை மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். ஆம்பியர் சரியாக இருந்தது.

“மோட்டாருல குத்தமே இல்லீங்ணா. தண்ணிதானுங் கீழ போயிருச்சு. இதுல கை வெச்சா உங்க காசுதான் போகும். சர்வீஸ் மட்டும் பண்ணித் தர்றனுங்.”

இம்ப்ரூவ் என்பதற்கு அந்தக் கடையில் ரேட்டு இல்லை. எதைத் தொடுவது, யார் காசு, சரியாகிவிட்டது என்று யார் சொல்வது: இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வார்த்தைக்கு அவர் சீட்டு எழுதுவதில்லை.

மூன்று வார்த்தை, இரண்டு கட்சி

கீழ்பவானிக்குத் திரும்புவோம். 2021 பிப்ரவரி 25-ல் பிரதமர் கோயமுத்தூரில் ஒரு திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதன் பெயரில் எக்ஸ்டென்ஷன், ரெனோவேஷன், மாடர்னைசேஷன் என்று மூன்று வார்த்தைகள். விரிவாக்கம், புதுப்பித்தல், நவீனமாக்கல். மண் வாய்க்காலின் பக்கங்களில் கான்கிரீட் போடுவதுதான் அதில் சர்ச்சையான பகுதி.

கடைமடைக்காரர்கள், “அறுபது வருஷத்து வாய்க்கால், தண்ணி எங்களுக்கு வந்து சேர்றதில்ல, கான்கிரீட் போடுங்க” என்றார்கள். வாய்க்காலோரத்துக்காரர்கள், “வேண்டாம், கசிவு நீரில்தான் எங்க கெணறும் தென்னையும் குடிநீரும் இருக்குது, பழுதான மதகையும் பாலத்தையும் மட்டும் ஒக்கிடுங்க” என்றார்கள். 2023-ல் உண்ணாவிரதம், மறியல், ஹைகோர்ட்டு வழக்கு எல்லாம் நடந்தன. இரண்டு தரப்பும் விவசாயிகள். இரண்டு தரப்பும் அதே அணைத் தண்ணீரைக் குடிப்பவர்கள்.

இந்தச் சண்டையின் வேர் அந்த மூன்று வார்த்தைகளை ஒன்றாகக் கட்டியதில் இருக்கிறது. ரெனோவேஷனை யாரும் எதிர்க்கவில்லை. உடைந்த மதகைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. மாடர்னைசேஷனில்தான் கட்சி பிரிந்தது. என்ஜினீயர் கணக்கில் கசிவு நஷ்டம். வாய்க்காலோரக் கிணற்றுக்காரன் கணக்கில் கசிவுதான் வரவு. 1883 சட்டம் தன் கணக்கு ஒருவனுடைய குத்தகை என்றாவது வெளிப்படையாகச் சொன்னது. மாடர்னைசேஷன் யாருடைய கணக்கு என்று சொல்லவே இல்லை. ரிப்பேரையும் ஆல்ட்ரேஷனையும் ஒரே சீட்டில் எழுதி ஒரே ரேட்டு போட்டால் என் மாப்பிள்ளை கடையிலும் இதே தகராறுதான் நடக்கும்.

கொங்கில் இதற்கு மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கத்து மக்கள் தலைமுறைக் கணக்கில் கேட்டு வாங்கிய அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை 6 நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி 1,045 குளம் குட்டைகளில் விடுவது. அதன் முழுப்பெயர் பாசனம், நிலத்தடி நீர் செறிவூட்டல், குடிநீர் வழங்கல் என்று மூன்று வேலைகளைச் சொல்கிறது. மேம்பாடு, நவீனம், வளர்ச்சி என்ற எதுவும் அதில் கிடையாது. அதனால் அதில் குறை இருந்தாலும் பேசுவது சுலபம். எங்கள் குட்டைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டால், வந்தது அல்லது வரவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. வராத ஊர்க்காரர்கள் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறார்கள், மனுவில் ஒரே வரி: எங்கள் குட்டை பட்டியலில் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. டெவலப்மெண்ட் ஆபீசில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், அப்படி ஒரு வரியில் எழுத முடிகிற மனுவுக்குத்தான் ஆபீஸ் பதில் சொல்லியே ஆக வேண்டும்.